கண்ணை மூடிய நடுவர்

சங்ககிரியில் அர்த்தநாரியின் லாரி ஆபீசில் புக்கிங் குமாஸ்தாவாக இருந்த பாக்கியநாதனை டிரைவர்கள் திட்ட மாட்டார்கள். எந்தச் சரக்கு எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவன் திட்டு வாங்காமல் வீடு போய்ச் சேருவதே பெரிய காரியம். ஆனால் பம்பாய் லோடு கேட்டவனுக்கு ஈரோட்டு லோடு கொடுத்தாலும், "குமாஸ்தய்யா குடுத்தா நாயமாத்தான் இருக்கும்" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுப்பார்கள். அவர் சேலம் டவுனிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவர், ஊர் வாயில் வேதக்காரர். ஊரில் பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை. யார் பக்கமும் சாய அவருக்குக் காரணமே கிடையாது என்பது அந்த லாரி ஷெட்டின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் அவரைக் கேடயத்துக்கு நடுவராக்கி, கடைசியில் கழுத்தைப் பிடித்தது.

கேடயம் பிறந்தது ஒரு கோபத்தில். சினிமாவுக்கு டெல்லியில் பரிசு கொடுக்கிறார்களே, அது ஒரு வருஷம் நடிகர் மோகனரூபன் படத்துக்கு வரவில்லை. சேதியைக் கேட்ட டிரைவர் சின்னண்ணன் அன்றைக்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தான். பொழுது சாய எழுந்து உட்கார்ந்து, "தமிழே தெரியாதவன் தமிழ்ப் படத்துக்கு மார்க்குப் போடறான். அவன் குடுக்காட்டிப் போறான். நாம குடுப்போம்" என்றான். சேலத்துப் பாத்திரக்கடையில் சொல்லிவைத்து ஒரு பித்தளைக் கேடயம் வந்து இறங்கியது. தை மாதம் பொங்கல் கழிந்ததும் ஷெட்டில் கூட்டம் போட்டு வாதாட வேண்டியது. போன வருஷத்துப் படங்களில் எது சிறந்தது, எந்த நடிகர் சிறந்தவர் என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியது. ஜெயித்த நடிகரின் படம் ஆபீஸ் சுவரில் ஏறும். கீழே கேடயம் தொங்கும். அடுத்த தை வரைக்கும் எல்லா வண்டியும் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கிளம்பும். இப்படி ஒரு கேடயம் சங்ககிரியில் தொங்குகிற விஷயம் சென்னையில் எந்த நடிகர் காதுக்கும் எட்டியதாகத் தெரியவில்லை. எட்டாவிட்டால் என்ன, இங்கே மண்டை அது பாட்டுக்கு உடைந்துகொண்டிருந்தது.

ஷெட்டில் இரண்டு கட்சி. மோகனரூபன் கத்திச் சண்டைக்காரர். குதிரையிலிருந்து குதிப்பார், கொடியவனைத் தூக்கி எறிவார், ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டார். அவர் கட்சிக்குச் சின்னண்ணன் தலைவன். தாமரைநாதன் அழுகிற நடிகர். அவர் அழ ஆரம்பித்தால் பெண்கள் பகுதியில் முந்தானை நனையும், தரை டிக்கெட்டில் பீடி அணையும். அவர் கட்சிக்கு ஃபிட்டர் வெங்கடாசலம் தலைவன்.

பாக்கியநாதனுக்குச் சினிமா என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பூசை முடிந்த கையோடு மேட்னி ஷோவுக்கு ஓடுவார். "நீங்க மாதாவைப் பாக்கப் போறீங்களா, மோகனரூபனைப் பாக்கப் போறீங்களா?" என்று மனைவி இன்பமேரி கேலி பண்ணுவாள். நடுவரான அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். படம் பார்க்காதவன் வாய் திறக்கக் கூடாது. பேச எழுந்திருப்பவன் கிழித்த டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். நடுவரும் தம் டிக்கெட்டை வைக்க வேண்டும். அடுத்தவன் சொன்ன கதையை வைத்துக்கொண்டு சத்தம் போடுகிற பாதிப் பேர் அந்தச் சட்டத்திலேயே அடங்கிப்போனார்கள். சட்டம் போடுகிறவர்களுக்கு அது ஒருநாள் தங்கள் மடியிலேயே வந்து விழும் என்று தோன்றுவதே இல்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் அவர் மகள் ஜெபமலருக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் விட்டபோது வலது கால் வரவில்லை. கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினால் துணி மாதிரி மடங்கியது. இளம்பிள்ளை வாதம் என்று சேலத்து டாக்டர் சொன்னார். எண்ணெய் போட்டு நீவச் சொன்னார், நம்பிக்கையாக இருக்கச் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பாக்கியநாதன் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். மொட்டை போடுகிறேன், மெழுகுவர்த்தி கொளுத்துகிறேன் என்பதெல்லாம் எல்லாரும் கொடுக்கிறதுதான். தனக்கு உயிராக இருப்பதைக் கொடுத்தால்தான் கேட்பாள் என்று அவருக்குப் பட்டது. "வேளாங்கண்ணி மாதாவே, எம் புள்ளை தன் காலால நடந்து உன் கோயிலுக்கு வர்ற வரைக்கும் இந்தக் கண்ணால சினிமா பாக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்ததில் பெரியது அதுதான்.

இன்பமேரி இன்னொன்றும் சொன்னாள். "காலு விஷயம் வெளிய போகக் கூடாதுங்க. பொம்பளைப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். ஒரு தடவ ஊரு வாயில விழுந்துட்டா அப்பறம் காலு சரியானாலும் பேரு போகாது." அதனால் யார் கேட்டாலும் காய்ச்சல் விட்ட பலவீனம், இன்னும் தேறவில்லை என்று இருவரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். பெண் கதவடைத்த அறையில் ரோட்டோரத்து ஜன்னலடியில் கட்டிலிலேயே கிடந்தாள். வேண்டுதலை வெளியே சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள், காலும் வெளியே வந்துவிடும். ஆகவே வேண்டுதலும் பூட்டின வாய்க்குள்ளேயே இருந்தது.

தை நெருங்கியது. அந்த வருஷப் போட்டி இரண்டே படங்களுக்குள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஒன்று தாமரைநாதனின் சித்திரைப் படம். அதைப் பாக்கியநாதன் காய்ச்சலுக்கு முன்பே பார்த்திருந்தார். இன்னொன்று மோகனரூபனின் தீபாவளிப் படம். அதை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

"இந்த வருஷம் வேற யாரையாச்சும் நடுவரா வெச்சுக்குங்கப்பா, எனக்கு ஒடம்பு சரியில்லை" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், சின்னண்ணன் புருவத்தைத் தூக்கினான்.

"ஏனுங்க, எங்க ஆளு படம் வந்த வருசமாப் பாத்து ஒடம்பு கெட்டுப்போச்சுங்களா?"

இந்தப் பக்கம் வெங்கடாசலம், "எங்க ஆளு செயிக்கற வருசமாப் பாத்து வேற நடுவருங்களா? இதுல என்னமோ இருக்குதுங்க" என்றான். போன வருஷம் இதே கூட்டத்தில் ஒரு லோடுமேனின் மண்டையில் தையல் போட வேண்டி வந்தது. முதலாளி அர்த்தநாரி அதை மறக்கவில்லை. பாக்கியநாதனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க ஒக்காந்தாத்தான் ரெண்டு கூட்டமும் அடங்கும். நீங்க இல்லாட்டி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இந்த வருசம் ரத்தம் பாத்தன்னா கேடயத்தைக் கெணத்துல போட்டுட்டு, சின்னண்ணனையும் வெங்கடாசலத்தையும் வேலையை விட்டு அனுப்பீருவனுங்க. ரெண்டு பேரும் புள்ளைகுட்டிக்காரனுக. பாத்துக்குங்க."

அதற்கு மேல் என்ன சொல்வது? தலையாட்டினார்.

படம் பார்த்துவிட்டீர்களா என்று சின்னண்ணன் தினமும் கேட்டான். இல்லை என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியையே கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான். சேலத்துக்குச் சரக்கு இறக்கப் போகிறேன், மேட்னிக்கு நானே கூட்டிப்போய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன், ஏறுங்கள் என்றான். பாக்கியநாதன் இன்பமேரியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறினார்.

வழியெல்லாம் அவருக்குள் ஒரு வழக்கு நடந்தது. வேண்டிக்கொண்டது என்ன? இந்தக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றுதானே? கொட்டகையில் உட்கார மாட்டேன் என்று சொல்லவில்லையே. காதால் கேட்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாதாவிடம் வக்கீல் பேச்சுப் பேசுகிறோமே என்று உடம்பு கூசியது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. டிக்கெட்டைக் கிழித்து வாங்கி உள்ளே போய், விளக்கு அணைந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். விசில் பறந்தது. மோகனரூபன் வந்துவிட்டார் என்று தெரிந்தது. கத்தியும் கத்தியும் மோதின. குதிரை ஓடியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இமை தானாகத் திறக்கப் பார்த்தது. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அருள் நிறைந்த மரியே என்று செபம் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் சின்னண்ணன், "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். "ஆமாப்பா" என்றார். பார்க்காத ஒன்றுக்கு ஆமாம் போட்ட அந்த வார்த்தை நாக்கில் கசந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு இடம் வந்தது. எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருகிறாள். கொலுசுச் சத்தம் தூரத்திலிருந்து கிட்டே, கிட்டே வருகிறது. சண்டையைப் பார்க்காமல் இருந்துவிடலாம், பாட்டைப் பார்க்காமல் இருந்துவிடலாம். ஒரு குழந்தை ஓடுவதை எப்படிப் பார்க்காமல் இருப்பது? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்று மனசு கெஞ்சியது. பார்த்தால் நம் வீட்டில் கிடக்கிறவள் ஓட மாட்டாள் என்று அதே மனசு பயமுறுத்தியது. திறக்கவில்லை. மூடின கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னண்ணன் பீடி பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தான். வெளிச்சம் பாக்கியநாதன் முகத்தில் விழுந்தது. அவன் குச்சியை அணைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டான். "ஸ்" என்ற சத்தம் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது, அவன் பார்த்துவிட்டான்.

திரும்பி வரும்போது சின்னண்ணன் வண்டியைக் கண்மண் தெரியாமல் விரட்டினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "எங்க ஆளு மூஞ்சியைப் பாக்கறதுக்குக்கூடப் புடிக்கலைங்களா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்வதற்குள் வண்டி போய்விட்டது.

அடுத்த நாள் ஷெட் முழுக்கப் பேச்சு. நடுவர் தூங்கிவிட்டார் என்றார்கள். தூங்கவில்லை, மோகனரூபன் திரையில் வருகிறபோதெல்லாம் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்றார்கள். வெங்கடாசலம் வீட்டிலிருந்து பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு போயிற்று என்றார்கள். கரும்பு எல்லார் வீட்டிலிருந்தும் போயிற்று, ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? ஆபீசுக்குள் வந்து லோடு வாங்குகிற டிரைவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப்போனார்கள். இத்தனை வருஷத்தில் அவர் சம்பாதித்தது அந்த ஒரு முகம்தான். அதில் கரி விழுந்துவிட்டது.

கூட்டத்தன்று மத்தியானம் ஷெட்டில் நிற்க இடமில்லை. மேசைக்குப் பின்னால் பாக்கியநாதன் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சின்னண்ணன் ஆட்கள், அந்தப் பக்கம் வெங்கடாசலம் ஆட்கள். சும்மா வந்தவர்கள் மாதிரிதான் நின்றார்கள். ஆனால் சக்கரத்து நட்டுக் கழற்றுகிற ஸ்பானரும் ஜாக்கி ராடும் வழக்கமான இடத்தில் இல்லாததை எல்லாரும் பார்த்தார்கள். அர்த்தநாரி ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெங்கடாசலம் முதலில் டிக்கெட்டை வைத்தான்.

"அழுகறது சுலபம்னு சொல்றீங்க. கிளிசரின் போட்டா எருமைக்குங்கூடத் தண்ணி வரும். எங்க ஆளுக்குத் தண்ணி வரதுக்கு முன்னால ஒதடு நடுங்குச்சு பாருங்க, அதுக்கு எந்தக் கடையில மருந்து விக்குது? பரிசு அதுக்குத்தான்."

சின்னண்ணன் பக்கத்து ஆள் ஒருவன் டிக்கெட்டை வைத்தான். "அணை ஒடையற எடத்துல எங்க ஆளு ஒத்தைக் கையில மதகைத் தாங்கிப் புடிக்கறாரு. டூப்புக் கெடையாது."

"அட்டை மதகுங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கனம் தூக்கறவனுக்குத்தான் கேடயம்னா நம்ம லோடுமேன் மாரிக்குக் குடுங்க, தெனமும் தூக்கறான்."

சிரிப்பு எழுந்தது. சின்னண்ணன் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து வந்து தன் டிக்கெட்டை மேசைமேல் வைத்தான்.

"நடுவரு டிக்கெட்டு?"

பாக்கியநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"டிக்கெட்டு இருக்குது" என்று சின்னண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "கண்ணு இருந்துச்சான்னு கேளுங்க. எம் பக்கத்துல ஒக்காந்து படம் முடியற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாருங்க இவுரு. நெசமா இல்லையான்னு அவுரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க. எங்க ஆளு மூஞ்சியப் பாக்காமயே தோக்கடிக்கறதுக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?"

"யாரைடா எவன்ங்கறே?" என்று வெங்கடாசலம் பாய்ந்து வந்தான். அதற்காகவே காத்திருந்த மாதிரி இரும்புகள் வெளியே வந்தன. பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. அர்த்தநாரி எழுந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பாக்கியநாதனுக்கு ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கண்வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அடிதடி அப்போதைக்கு நிற்கும். பெண்ணின் கால் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் பொய் சொன்ன வாயால் தீர்ப்பும் சொல்ல வேண்டுமே! ராடை ஓங்கிக்கொண்டு நிற்கிற வெங்கடாசலத்தைப் பார்த்தார். அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது. அவர் எழுந்து இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"சின்னண்ணன் சொல்றது நெஜம். நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். ஷெட் அடங்கியது. "எம் பொண்ணுக்கு வலது காலு வரலை. காய்ச்சல்ல போயிருச்சு. அவ நடக்கற வரைக்கும் சினிமா பாக்கறதில்லைன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன். அதனாலதான். மோகனரூபன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை."

இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை நூறு பேர் நடுவில் போட்டு உடைத்தாயிற்று. இன்பமேரியின் முகம் கண்முன் வந்தது.

சின்னண்ணன் கையிலிருந்த ஸ்பானர் மெல்லக் கீழே இறங்கியது. அவன் குரலும் இறங்கியிருந்தது.

"பாப்பாக்குக் காலு வராதது எங்களுக்குத் தெரியாதுங்களா?"

பாக்கியநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரு ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே தெரியுமுங்க. நீங்களா சொல்லாத வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கறோம். உங்க ஊட்டு முன்னால இத்தன மாசமா ஒரு லாரியாச்சும் ஹாரன் அடிச்சுதுங்களா? புள்ள தூங்கட்டும்னு ரெண்டு கட்சிக்காரனுந்தான் அடிக்கறதில்லீங்க. வெளியூரு வண்டிக்காரனுக்கும் டீக்கடையிலயே சொல்லி அனுப்பீருவோம். வேண்டுதல் இருக்கறதுதானுங்க தெரியாமப் போச்சு."

யோசித்துப் பார்த்தார். கோயமுத்தூர் ரோட்டில், சதா வண்டி போகிற இடத்தில் அவர் வீடு. ஹாரன் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று? அவர் கவனித்ததே இல்லை. தாங்கள் இருவரும் ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். ஊர் அவர்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறது. நூறு பேர் பார்க்க அழுதார். வெட்கமாகவும் இருந்தது, சுமை இறங்கின மாதிரியும் இருந்தது.

ஆனால் கூட்டம் கூடியது கேடயத்துக்கு. சற்றுப் பொறுத்து வெங்கடாசலம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்பத் தீர்ப்பு என்னுங்க?"

"பாக்காதவன் வாய் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். என்னை விட்டுருங்க."

"கேட்டீங்கல்ல?" என்றான் சின்னண்ணன். "கேட்டத வெச்சுச் சொல்லுங்க. எங்க ஆளு கொரலு சிங்கக் கொரலுங்க. காதுக்குப் போதும். நீங்க என்ன சொன்னாலும் சரி."

வெங்கடாசலமும் சரி என்றான். பாக்கியநாதன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முன்னைவிட இப்போதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கேடயத்தைத் தூக்கிச் சின்னண்ணன் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. புள்ளை தூங்கட்டும் என்று ஓசைப்படாமல் போனவனுக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுத்தால் குறைந்தா போய்விடும்? கொடுத்தால் இரும்பும் கீழே விழும், நன்றியும் தீரும். ஆனால் அவன் கேட்டது நன்றியை இல்லையே. தீர்ப்பைக் கேட்டான்.

"கத்திச் சண்டை எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதுல நான் பேசலை" என்று ஆரம்பித்தார். "பேசினதைக் கேட்டேன். எதிரிகிட்டப் பேசற அதே குரல்லதான் மோகனரூபன் தன் பொண்ணுகிட்டயும் பேசறாரு. அந்தப் புள்ள கொலுசு குலுங்க ஓடி வருது. அவர் அதுகிட்ட வசனம் பேசறாரு. ஓடி வர்ற புள்ளைகிட்ட எந்த அப்பனும் அப்படிப் பேச மாட்டான். அவனுக்குப் பேச்சே வராது." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "சித்திரைப் படத்தை நான் கண்ணால பாத்தேன். தாமரைநாதன் தேவைக்கு மேலதான் அழறாரு. ஆனா பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்ற எடத்துல, அவர் பொய் சொல்றாருன்னு நமக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியலை. அது நடிப்பு. கேடயம் தாமரைநாதனுக்கு."

யாரும் கைதட்டவில்லை. ஜெயித்தவர்களுக்கே கை எழும்பவில்லை. எல்லாரும் சின்னண்ணனையே பார்த்தார்கள். அவன் ஸ்பானரைப் பிடித்த கை இறுகியது. நேராக மேசைக்கு வந்து நின்றான். பாக்கியநாதன் அசையவில்லை. ஸ்பானரை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, தன் டிக்கெட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போனான். அவன் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்தும் சோறு இறங்கவில்லை. "நூறு ஆம்பளைங்க நடுவுல எம் பொண்ணு காலைச் சொல்லிட்டு வந்தீங்களா?" என்று இன்பமேரி சுவரோடு சாய்ந்து அழுதாள். எல்லாருக்கும் முன்பே தெரியும் என்று அவர் சொன்னார், ஹாரன் விஷயத்தையும் சொன்னார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு நம்பாதவள்போல் பார்த்தாள். "அந்தச் சின்னண்ணனையா தோக்கடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழுதாள்.

மறுநாள் காலையில் ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பாக்கியநாதன் ஜெபமலரின் காலை மடியில் வைத்து எண்ணெய் நீவிக்கொண்டே அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோற்ற கட்சிக்காரர்கள் இனிமேல் அடிப்பார்களா, மாட்டார்களா என்பதிலேயே காது இருந்தது. ஒரு வண்டி தூரத்தில் அடித்துக்கொண்டே வந்தது, வீட்டை நெருங்கியதும் நிறுத்திக்கொண்டது.

"அப்பா" என்றாள் ஜெபமலர். "லாரியெல்லாம் டீக்கடைகிட்ட அடிக்குது. பள்ளிக்கூடத்துக்கிட்ட அடிக்குது. நம்ம வீட்டுக்கிட்ட வந்தா மட்டும் வாயை மூடிக்குது. நான் தினமும் ஜன்னல்ல காத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணுகூட என்னைக் கூப்பிட மாட்டேங்குது. நம்ம மேல கோவமாப்பா?"

நீவின கை நின்றுவிட்டது. இரண்டு கட்சிக்காரர்கள், தாய், தகப்பன் எல்லாரும் சேர்ந்து அவளைப் பாதுகாத்துப் பாதுகாத்து, உலகமே தன்னோடு பேசவில்லை என்று அந்தப் பிள்ளையை நினைக்க வைத்திருந்தார்கள். பாக்கியநாதன் அவளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். "ஏங்க, எங்க தூக்கிட்டுப் போறீங்க, எல்லாரும் பாப்பாங்க" என்று இன்பமேரி பின்னாலேயே ஓடி வந்தாள். அவர் நிற்கவில்லை. மெலிந்த கால் வெளியே தொங்க, மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றார்.

பவானிப் பக்கமிருந்து சின்னண்ணனின் வண்டி வந்தது. கையைக் காட்டினார். வண்டி சறுக்கிக்கொண்டு நின்றது. சின்னண்ணன் அவரைப் பார்க்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னண்ணா, ஹாரன் அடிப்பா."

"என்னுங்க?"

"நீங்க யாரும் அடிக்காததுனால அவ மேல உங்களுக்கெல்லாம் கோவம்னு நெனைச்சிருக்கா."

சின்னண்ணன் அப்போதுதான் திரும்பினான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், தொங்குகிற காலைப் பார்த்தான்.

"கோவம் உங்கப்பன் மேலதான் சாமி. உம் மேல இல்ல" என்றான்.

பிறகு கதவுக்கு வெளியே கையை நீட்டி, ரப்பர்ப் பந்து ஹாரனைப் பிடித்து அமுக்கினான். ஜெபமலர் காதைப் பொத்திக்கொண்டு கத்திச் சிரித்தாள். அவன் வண்டியை எடுத்து மலைக்கோட்டைத் திருப்பம் வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே போனான்.